சின்ன மாப்பிள்ளைக்குப் பச்சை அட்டை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் முந்தாநாள் சின்ன மாப்பிள்ளை உங்களுக்குப் போன் செய்து அரைமணி நேரம் பேசினார் என்று தெரிந்த பிறகு அந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை. பூங்காவில் நான் விழுந்த கதையைச் சொல்லியிருப்பார். அவர் எதைச் சொன்னாலும் கேட்பவர்கள் கடைசியில் அவரைத்தான் பாராட்டுவார்கள்; எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருந்தாலும் முப்பத்து நான்கு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்ற முறையில், அவர் சொன்னதில் உள்ள பிழைகளைத் திருத்தி உங்களுக்கு அனுப்புவது என் கடமை. அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையவில்லை என்றால் அதற்கும் அவர் ஏதாவது தைலம் சொல்லியிருப்பார்.

எங்கள் தெருமுனையில் நாற்காலி மேசை விற்ற கடை மூடிக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் ஒன்றரை ஆண்டாக ஒரு மருத்துவ மையம் நடக்கிறது. அக்கம்பக்கத்துக்காரர்களும் இரண்டு டாக்டர்களும் சேர்ந்து நடத்துவது. எல்லோருக்கும் ஒரே டாக்டர், ஒரே பெஞ்சு, ஒரே மருந்து. கட்டணம் மட்டும் அவரவர் வருமானத்துக்குத் தகுந்தபடி. வசதிக்காரர்களுக்கு வெள்ளை அட்டை, முழுக் கட்டணம். நடுத்தரத்துக்கு நீலம், பாதி. இழுத்துப் பிடித்துக் குடும்பம் நடத்துபவர்களுக்குப் பச்சை, பேருக்கு ஏதோ ஒரு சிறு தொகை. வருமானம் எவ்வளவு என்று சன்னலில் இருக்கும் பெண்ணிடம் நம் வாயாலேயே சொல்ல வேண்டும். பெயர் பதிவு செய்த அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள், சாட்சாத் சின்ன மாப்பிள்ளைதான். அடுத்த தெருக்காரர், வேறு நாளில் வந்திருக்கலாம். அந்தப் பெண் "மாச வருமானம் எவ்வளவு வரும் ஐயா?" என்று ஊருக்கே கேட்கும் குரலில் கேட்டாள். மாமா, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அச்சகத்தை மூடியபோது முதலாளி எனக்குக் கணிசமான தொகை கொடுத்து அனுப்பினார் என்று உங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன் அல்லவா, அவர் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். அதுவும் மூன்றாவது மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது பகுதி நேரமாக இரண்டு இடத்தில் பிழை திருத்துகிறேன்; வருவது அரிசிக்கும் வாடகைக்கும் சரியாக இருக்கிறது. ஆனால் பின்னால் சகலை நிற்கும்போது அதைச் சொல்ல எந்த மனிதனுக்கு நாக்கு எழும்? "வெள்ளையே போடும்மா" என்றேன். போட்டாள். அடுத்து அவர் முறை. குரலைக் கொஞ்சமாவது தாழ்த்த வேண்டுமே, இல்லை. "நான் பெயின்டர்மா. நெஞ்சு சரியில்ல, மாசத்துல பாதி நாள்தான் வேலைக்குப் போறேன். பச்சை குடுங்க" என்றார், சுவருக்கு வண்ணம் தேர்ந்தெடுக்கிற மாதிரி. கொடுத்தாள். அந்தப் பச்சை அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கர்வச் சிரிப்பாக இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன்; சாதாரணமாகச் சிரித்தார்.

அன்று பிடித்தது எனக்கு இந்தப் பொறாமை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன்: டாக்டர் எனக்கு ஒதுக்கியது ஒன்பது நிமிடம், அவருக்கு இருபத்திரண்டு. முழுக் கட்டணம் கட்டியவன் நான். நர்ஸம்மா தெருவில் அவரைப் பார்த்தால் நின்று இருமலை விசாரிக்கிறார். என்னைப் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போகிறார். எனக்கு இருமல் இல்லாதது என் குற்றமா? கட்டணத்துக்கு ஈடாக ஏதாவது செய்கிறேன் என்று அவர் மையத்தின் சுவர் முழுவதும் இளநீலம் அடித்துக் கொடுத்தார். அந்த நிறத்தைப் பார்த்தாலே இரத்த அழுத்தம் இறங்குகிறது என்று வருகிறவர்கள் போகிறவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு ஏறியது. நானும் ஏதாவது செய்யத்தானே வேண்டும் என்று ஒரு நாள் காலையில் சீக்கிரம் போய் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன். 'நீரழிவு நோயாளிகள் மருந்தை வேலை தவறாமல் சாப்பிடவும்' என்று எழுதியிருந்தது. நீரிழிவு என்பது நீரழிவு ஆகியிருக்கிறது, வேளை வேலையாகியிருக்கிறது. ஒரு பிழை திருத்துபவன் இதைப் பொறுத்துக்கொள்வானா? சிவப்புப் பேனாவால் முறைப்படி அடித்து, ஓரத்தில் குறியிட்டுத் திருத்திவிட்டு வந்தேன். மறுநாள் நர்ஸம்மா "யாரோ போர்டுல கிறுக்கி வெச்சிருக்காங்க, குழந்தைங்களா இருக்கும்" என்று வருத்தப்பட்டாராம். உடனே சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அழித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் பழைய பிழை ஒன்று விடாமல் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். என்ன அழகான கையெழுத்து என்று அதற்கும் பாராட்டு.

இதற்கிடையில் வெள்ளை அட்டை தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. சர்க்கரைக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை முழு விலைக்கு வாங்கினால் மாதத்தின் கடைசி வாரம் அடுப்பு எரியாது. நீல அட்டைக்காவது மாறலாம் என்றால் சன்னலில் போய் வருமானத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் காதுக்குப் போகும். அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அச்சகத்தில் தாள் வெட்டி ஒட்டும் வேலைக்கு வைத்திருந்த பிளேடால் ஒவ்வொரு மாத்திரையையும் நடுவில் வெட்டினேன். நாளுக்குப் பாதி, ஒரு மாத மருந்து இரண்டு மாதத்துக்கு. சில மாத்திரைகள் ஒழுங்காகப் பிளந்தன, சில பொடியாயின; பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். உங்கள் மகளுக்குத் தெரியாது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள், நான் எதையோ விழுங்குவேன், அவள் நிம்மதியாகப் போவாள். நான்கு மாதம் இப்படி ஓடியது. தலை சுற்றியது, கண் மங்கியது, ஆனால் அட்டை வெள்ளையாகவே இருந்தது.

பிறகுதான் நடைப்பயிற்சிக் குழு வந்தது. காலையில் நோயாளிகளெல்லாம் பூங்காவைச் சுற்றி நடக்க வேண்டும் என்று நர்ஸம்மா ஏற்பாடு செய்தார். குழுவுக்குத் தலைவர் யாராக இருக்கும், நீங்களே சொல்லிவிடுவீர்கள். கழுத்தில் ஒரு விசில் வேறு. மூச்சிரைப்புக்காரர் என்பதால் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் நின்று மூச்சு வாங்குவார். அவர் நின்றால் இருபது பேரும் நிற்பார்கள், ஓர் அம்மாள் விசிறிவிடுவாள். நிற்காமல் நடந்தவன் நான் ஒருவன்தான், என்னை ஒருவரும் பார்க்கவில்லை. போன வாரம் மூன்றாவது சுற்றில் அவரைத் தாண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். தாண்டியும் விட்டேன், மாமா, அதை மட்டும் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். தாண்டியதைப் பார்த்தாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், தரை எழுந்து வந்து முகத்தில் அடித்தது.

கண் திறந்தபோது நான் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தேன். அது அவர் பெயின்ட் டப்பாவும் ஏணியும் ஏற்றுகிற வண்டி. பக்கத்துக் கட்டடத்தில் அன்று வேலை என்று பூங்கா வாசலில் நிறுத்தி வைத்திருந்தாராம். பத்தடி நடந்தால் இரைக்கிற மனிதர் என்னை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்; அவருடைய மூச்சு விசில் மாதிரி என் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தது. "அண்ணே, கண்ணை மூடாதீங்க. என்னைத் திட்டுங்க, ஏதாவது பேசிட்டே இருங்க" என்றார். திட்டினேன் என்றுதான் நினைவு. மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது என் வேட்டியெல்லாம் பெயின்ட்.

டாக்டர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, பட்டையை அவிழ்த்து இன்னொரு முறை கட்டிப் பார்த்தார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "ஒரு நாள் தவறினதில்லை" என்றேன். அது பொய்யில்லை. அதற்குள் நர்ஸம்மா என் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. பழைய அச்சுத்தாளில் மடித்த பாதி மாத்திரைகள். உங்கள் மகள் அப்போதுதான் ஓடி வந்து வாசலில் நின்றாள். பொட்டலத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இன்னொரு பாதி எங்கே?" என்று கேட்டாள். நாளைக்கு என்று சொன்னேன். அவள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு பாதிக்கும் ஜோடி தேடிச் சேர்த்து வைக்கத் தொடங்கினாள். "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும்" என்றார் டாக்டர். "ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் கட்டிலின் கால்மாட்டில் சின்ன மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வண்டி நடு ரோட்டுல நிக்குது, ஓரமா நகர்த்திட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். வண்டி நடுரோட்டில் இல்லை, மாமா. சன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது, ஓரமாகத்தான் நின்றது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, ஒருவேளை அந்தப் பதிவு நாளிலிருந்தே. நான் சொல்வதற்கு வசதியாக விலகிப் போயிருக்கிறார். அவருடைய விசிலைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன், சுவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், ஆனால் அப்படி ஒரு சாக்குச் சொல்லி வெளியே போகத் தெரிந்ததே, அதைப் பார்த்து வந்த பொறாமைதான் இன்னும் ஆறவில்லை. அந்தப் புத்தி எனக்கு ஏன் ஒரு நாளும் வரவில்லை?

சன்னல் பெண்ணே கட்டிலுக்கு வந்து வருமானத்தைக் கேட்டாள், இந்தத் தடவை மெதுவாக. சொன்னேன். பச்சை அட்டை எழுதிக் கொடுத்தாள். "இதுக்கா ஐயா இவ்வளவு தயங்கினீங்க, இங்க வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பச்சைதான்" என்றாள். இப்போது முழு மாத்திரை சாப்பிடுகிறேன். தலை சுற்றல் இல்லை.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். மையத்தில் பற்றாக்குறை. அட்டைகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். போன வாரம் விழும்வரை நானும் அந்தக் கட்சிதான், இப்போது இல்லை. அதைப் பேசி முடிவு செய்யக் குழுவில் நோயாளிகள் சார்பாக ஓர் ஆள் வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஓட்டெடுப்பு வைத்திருக்கிறார்கள். நான் நிற்கிறேன். நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதி, மூன்று முறை பிழை பார்த்து, கூட்டத்தில் நின்று வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒருவர் தூங்கினார். அடுத்து அவர் எழுந்தார். ஆமாம், அவரும் நிற்கிறார். கையில் காகிதம் இல்லை. "ஒரே கட்டணம்னு வெச்சா நம்ம தெருவுல பல பேர் மாத்திரையை வெட்டித்தான் சாப்பிடுவாங்க. அப்படிச் சாப்பிட்ட ஒருத்தரை நான் வண்டியில வெச்சுத் தள்ளியிருக்கேன். பேர் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கை தட்டியது அவருக்கு. அது என் நோய், மாமா. வெட்டியது என் மாத்திரை, விழுந்தது நான். நான்கு பக்கத்தில் எனக்கு எழுத வராத அந்த மூன்று வரியை அவர் என்னிடமிருந்தே எடுத்துப் பேசிவிட்டார்.

ஆகவே நீங்கள் தயவுசெய்து அவருக்கு ஒரு போன் செய்து, மூத்தவர் நிற்கும்போது இளையவர் விலகுவதுதான் முறை என்று எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் கேட்பார். கேட்பார் என்பதும் எனக்கு எரிச்சல்தான், ஆனால் கேட்பார். உங்கள் மகள் உங்கள் இருவரையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அத்தையின் கால்களுக்கும் உங்கள் கண்களுக்கும் என் அக்கறையைத் தெரிவித்து, மருந்தை முழுதாகவும் வேளை தவறாமலும் சாப்பிடும்படி இருவரையும் கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு, என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து கடிதம் இங்கேயே நான்கு நாள் கிடந்துவிட்டது. ஓட்டெடுப்பு முடிந்தது. சின்ன மாப்பிள்ளை ஜெயித்தார், எனக்கு நாற்பது, அவருக்கு நாற்பத்தொன்று. நேற்று முதல் கூட்டத்தில் குழுவினரிடம் என்ன பேசினாரோ, அட்டைகள் அப்படியே இருக்கும் என்று தீர்மானமாகிவிட்டது. பற்றாக்குறைக்கு வேறு வழி பார்க்கிறார்களாம். எனவே போன் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், ஆனால் எட்டுப் பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை, மனம் வரவில்லை. ராத்திரி அவர் ஆறுதல் சொல்ல வீட்டுக்கு வந்தார். "ஒரே ஒரு ஓட்டு அண்ணே, யார் போட்டாங்களோ, அது உங்களுக்கு விழுந்திருக்க வேண்டியது" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அது நான் போட்டது, மாமா. மையத்தில் ஊசி போடுகிற திரைக்குப் பின்னால் ஓட்டுச்சீட்டும் பென்சிலுமாக ரொம்ப நேரம் நின்றேன், கை அவர் பெயரைத்தான் எழுதியது. அவரிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் நன்றி சொல்லிவிடுவார், அதை என்னால் தாங்க முடியாது.