இன்னொரு கடையும் பார்த்துடலாம்

கஞ்சர்களைப் பற்றி எழுதியாயிற்று, வம்பர்களைப் பற்றி எழுதியாயிற்று. ‘கோடிவரை பார்ப்பவர்’ என்று ஒரு ரகம் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்ணெதிரே இருப்பது நல்லதுதான் என்று இவருக்கும் தெரியும். ஆனால் இதைவிட நல்லது ஒன்று தெருக்கோடியில் தமக்காகவே காத்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. செலவுக்கு அஞ்சாதவர். நல்லவர். பொறுமை மட்டும் கூட வருகிறவர்களுக்கு வேண்டும்.

திருத்தணியில் இந்த ரகத்துக்கு ஜீவரத்தினம் வாத்தியாரை மிஞ்ச ஆளில்லை. சென்னைக்குப் போகிற அன்று காலியான மின்சார ரயிலில் ஏறி, ஜன்னலோர இருக்கையைத் தடவிப் பார்த்து, அடுத்த பெட்டியில் இன்னும் நன்றாகக் காற்று வரும் என்று இறங்கி, அங்கிருந்து அதற்கடுத்த பெட்டிக்கு நடந்து, அரக்கோணத்தில் கூட்டம் ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மணவூர், திருவள்ளூர் எல்லாம் தாண்டி நின்றுகொண்டே போவார். அரக்கோணத்தில் இவ்வளவு கூட்டம் ஏறும் என்று யாருக்குத் தெரியும் என்பார். நாற்பது வருடமாக ஏறுகிறது.

பெண் பார்த்ததும் இப்படித்தான். முதலில் பார்த்தது மணவூரில், மார்த்தாளை. மிகவும் பிடித்திருந்தது. பிடித்தால் இவர் என்ன செய்வார்? “சொல்லியனுப்பறோம்” என்று எழுந்துவிட்டார். ஆர்.கே.பேட்டை முதல் நகரி வரை இன்னும் எட்டு வீடுகளில் கேசரி சாப்பிட்டு, ஏழு மாதம் கழித்து மணவூருக்கே திரும்பி வந்தார். எட்டுப் பேரைப் பார்த்தும் உன்னைத்தானே கட்டினேன் என்று இதை ஒரு பாராட்டாகவே மனைவியிடம் சொல்லிவருகிறார். மார்த்தாள் அதற்குப் பதில் சொன்னதேயில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் நிறைந்தது. மார்த்தாள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. புதிதாகப் போட்டிருக்கும் லைட்டு ரோட்டில், முதல் கடையின் மாடியில், ஜன்னலோரமாக உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட வேண்டும் என்றாள். அவ்வளவுதான்.

லைட்டு ரோடு என்பது ஊர் வைத்த பெயர். வண்டி போகாத தெரு, கால் வழுக்காத கல், பத்தடிக்கு ஒரு அலங்கார விளக்கு, உட்கார இரும்பு பெஞ்சு. இருபுறமும் கண்ணாடிக் கடைகளில் துணி, செருப்பு, வாசனைத் தண்ணீர். நடுநடுவே வாசலில் ஆள் நிறுத்தி வணக்கம் சொல்ல வைக்கிற சாப்பாட்டுக் கடைகள். நகரியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வந்து, காரை வெளியே விட்டுவிட்டு நடக்கிறார்கள். வீட்டிலிருந்து பால் வாங்க நடக்காதவர்கள் எல்லாம் இங்கே நடக்கிறார்கள்.

மார்த்தாள் கல்யாணப் பட்டைக் கட்டியிருந்தாள். மகள் ப்ளெஸ்ஸியின் காலில் புதுச் செருப்பு. கல்லூரியில் படிக்கிற மகன் ஜெரால்ட், சாயங்காலம் நன்றாகச் சாப்பிடலாம் என்று மதியமே அரை வயிறோடு எழுந்திருந்தான். முதல் கடை வாசலில் வணக்கம் கிடைத்தது. மாடி ஜன்னலோரம் நாலு பேர் மேசை காலியாக இருப்பதாகவும் சொன்னார்கள்.

ஜீவரத்தினம் அண்ணாந்து பார்த்தார். பிடித்துவிட்டது. மார்த்தாள் நடப்பதற்குத் தோதாகக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“நல்லாத்தான் இருக்குது. யாராவது முதல் கடையிலயே உக்காருவாங்களா? இன்னொரு கடையும் பார்த்துடலாம், ஆங்?”

“ஆங்” என்று பின்னாலிருந்து மூன்று குரல்கள் வந்தன.

இரண்டாவது கடையில் கூட்டமே இல்லை. நன்றாக இருந்தால் கூட்டம் இருக்காதா? மூன்றாவதில் ஒரே கூட்டம். இதில் மனுஷன் எப்படிச் சாப்பிடுவது? நான்காவதில் பட்டியல் பன்னிரண்டு பக்கம். இத்தனையும் இன்றைக்கா சமைத்திருப்பான்? ஐந்தாவதில் ஒரே பக்கம். ஒரு பக்கத்துக்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒவ்வொரு தீர்ப்பின் முடிவிலும் அவர் ‘ஆங்?’ என்று கேட்டார். பின்னாலிருந்து வந்த ஆங் மூன்றிலிருந்து ஒன்றாகி, அப்புறம் நின்றுபோனது. வகுப்பில் முப்பது வருடம் இருந்தவர். மௌனத்தை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு நடந்தார்.

தெருக்கோடியில் ஓர் இரும்புத் தடுப்பு. அந்தப் பக்கம் கே.ஜி.கண்டிகை போகிற ஆட்டோக்கள். வேறொன்றும் இல்லை.

“பார்த்தியா, முதல் கடைதான் இருக்கறதுலயே நல்ல கடை” என்று வெற்றியோடு திரும்பினார். யாரும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஊரே உலாத்திக்கொண்டிருந்தது. அந்தப் பட்டுப்புடவையை மட்டும் காணோம். ப்ளெஸ்ஸிக்கு போன் போட்டார்.

“முதல் கடைக்கு வா நைனா. மேலே.”

வாத்தியார் ஓடினார். தெரு போட்ட நாளிலிருந்து அங்கே ஓடிய முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மாடி ஜன்னலோரம் மூவரும் சூப்பை முடித்திருந்தார்கள். நாலாவது நாற்காலியில் மார்த்தாளின் கைப்பை இருந்தது.

“எனக்காக ரெண்டு நிமிஷம் பொறுக்கக் கூடாதா?” என்றார் மூச்சு வாங்க.

மார்த்தாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். “ஏழு மாசம் பொறுத்துகினு இருந்தேங்க. நடுவுல சோளிங்கர்லருந்து ஒருத்தர் வந்தாரு. வந்த அன்னிக்கே சரின்னுட்டாரு. நல்ல மனுசன். நான்தான் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்னு எங்கப்பாகிட்ட சொன்னேன்.”

பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள். ஜீவரத்தினத்துக்குக் கால் வலித்தது, வெட்கமாக இருந்தது, உட்காரலாமா என்றும் தெரியவில்லை. ஒன்பது பெண்களைத் தாம் பார்த்ததாகத்தான் இத்தனை வருடம் கணக்கு. தம்மையும் ஒருத்தி இன்னொருவரோடு வைத்துப் பார்த்தாள் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை.

“அவரு இப்போ எப்படி இருக்காரு?” என்றார் கடைசியில்.

“தெரியாதுங்க. அப்புறம் நான் யாரையும் பார்க்கல.” மார்த்தாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உக்காருங்க, சாப்பிடலாம்.”

உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் நீட்டிய பட்டியலைப் பிரிக்காமலே, முதலில் என்ன இருக்கிறதோ அதையே கொண்டுவரச் சொன்னார். வந்தது. சாப்பிட்டார். நன்றாக இருந்தது, மனைவியிடமும் அப்படியே சொன்னார். சொல்லும்போதே கண் ஜன்னல் வழியாக எதிர்க்கடை மாடிக்குப் போயிற்று. அங்கே ஏதோ ஆவி பறக்கக் கொண்டுபோனார்கள். மார்த்தாள் எட்டி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வியாதி இல்லை, கிடைத்த இடத்தில் உட்காருகிற ஆள் நாம் என்று நிம்மதி வேறு. இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் கட்டைவிரல் அடுத்த பக்கத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே, அது எதற்கு?