சிவமண்ணை சொன்ன சாட்சி

ஒரு விஷயத்தைப் புதிதாய்ப் படித்தவன் இருக்கிற வீட்டில் மற்ற ஆட்களுக்கு நிம்மதி கிடையாது. இரண்டாயிரங்களின் நடுவில், லண்டன் ஹரோவில், அப்படி ஒருவனோடு குடும்பம் நடத்தியவள் என் மனைவி வதனி. நான் படித்தது துவக்கு என்கிற துப்பாக்கி.

என்னோடு வேலை செய்த கிரேம் என்ற வெள்ளைக்காரன் ஒருநாள் என்னைக் கென்ட் பக்கம் தன் மாமனின் பண்ணைக்கு மான் வேட்டை பார்க்கக் கூட்டிப் போனான். ஈரப் புல்லில் வயிறு நனையப் படுத்துக் கிடந்தோம். மானை நாங்கள் கண்டோம், மான் எங்களைக் கண்டது, ஓடிவிட்டது. அவ்வளவுதான். எனக்கு விசர் பிடித்துவிட்டது. சொந்தமாய் ஒரு ரைஃபிள் எடுத்தால் பண்ணையில் நீயும் சுடலாம் என்று கிரேம் வேறு எண்ணெய் ஊற்றினான்.

அன்றிலிருந்து குண்டின் அளவு .243 ஆ, .308 ஆ என்பதே என் மூச்சு. சாப்பாட்டு மேசையில் சொதிக் கரண்டியைத் தோளில் வைத்து வதனிக்கு வகுப்பெடுப்பேன். "நரிக்கும் மானுக்கும் ஒண்டு காணுமெண்டால் .243 தான். .308 தோளில உதைக்கும். முதல் துவக்கே உதைச்சால் கை பழகாது."

"எங்கட சனம் துவக்குக்குப் பயந்து இந்த நாட்டுக்கு ஓடி வந்தது. நீங்கள் பொலிசைக் கூப்பிட்டுத் துவக்குக் கேக்கிறியள். மண்டையில ஏதும் தட்டிப்போச்சே?" என்றாள்.



லைசன்சுக்கு, என்னை நன்றாகத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்லவேண்டும். ஒன்று கிரேம். மற்றவர் சிவமண்ணை. ஹரோவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரிடம் போய்த் துவக்கு என்று வாய் திறந்தால், பொழுதுபடுவதற்குள் கதை லண்டனின் மறுகோடி செவன் கிங்ஸ் வரை போய்விடும். ஆகவே மகா புத்திசாலித்தனமாக, "அண்ணை, சூட்டிங் லைசன்சுக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

"இந்த நாட்டில அதுக்கும் லைசன்சோ? கொண்டா!" என்று கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்து வைத்தார்.

கொண்டாட்டங்களுக்குச் சும்மா வீடியோ எடுத்துக் கொடுக்கிறவன் நான். எங்கள் சனத்துக்குச் சூட்டிங் என்றால் அது ஒன்றுதான். இந்தச் சின்ன விஷயம் என் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஒருமுறை மறுத்துவிட்டால் அது பதிவில் கிடக்கும், பிறகு எப்போது கேட்டாலும் அதையே கிண்டுவார்கள் என்று கிரேம் வெருட்டி வைத்திருந்தான். ஆனாலும் .243 பிரசங்கத்தை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அதிகாரி தலையாட்டினார். வதனியின் வடைக்கும் தலையாட்டினார். லைசன்ஸ் கையில் வந்தமாதிரித்தான்.

அப்போது சிவமண்ணை கோட்டும் சூட்டுமாக உள்ளே வந்தார். அதிகாரி சாட்சியை ஒரு வார்த்தை விசாரிக்கவேண்டும் என்றதால் நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

"இவருக்கு ஷூட் பண்ணிப் பழக்கம் இருக்கிறதா?" என்று அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"பழக்கமோ? என்ர மகளையே ஷூட் பண்ணினவர், சேர்!" என்றார் சிவமண்ணையும் ஆங்கிலத்தில்.

அதிகாரியின் பேனா நின்றது.

"முதல்ல மகளை. பிறகு மாமிமாரை வரிசையாய். பந்தியில இருந்த சனத்தில ஒருத்தரையும் மிச்சம் விடேல்லை. தூணுக்குப் பின்னால நிண்டு அடிப்பார், ஆக்களுக்கே தெரியாது!"

"அண்ணை..." என்றேன்.

"ஷூட் பண்ணுறது ஒருநாள் வேலைதான் சேர். பிறகு கராஜுக்குள்ள கொண்டுபோய் வைச்சு வெட்டுவார். வெட்டி முடிக்க மூண்டு மாதம்."

ஐயோ கடவுளே! துவக்கு போகட்டும், இனி என்னையே விடுவார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, குசினிக்குள் வதனி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். கண்ணைத் துடைத்தபடி வந்து, சிவமண்ணையின் மகள் அபிரா பெரியபிள்ளையானபோது நான் எடுத்த சாமத்தியவீட்டு டிவிடியைப் போட்டுவிட்டாள். "இதுதான் சேர் அந்தச் சூட்டிங்."

அதிகாரிக்கு விளங்கியது. விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் டிவியை நிறுத்த விடவில்லை. திரையில் மண்டபத்து விளக்கு ஆடியது. யாரோ ஒருவரின் வண்டி வந்தது, அதாவது வயிறு. அபிரா ஆரத்தித் தட்டின் முன்னால், கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல் இருந்தாள்.

"கமரா உதைக்காது, இல்லையா?" என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

லைசன்ஸ் கிடைத்தது. கிரேம் பக்கத்தில் இருந்தால் மட்டுமே சுடலாம் என்ற நிபந்தனையோடு. .243 வாங்கினேன். கென்ட் மான்கள் இன்றும் சுகமாய் இருக்கின்றன.

வருஷங்கள் கழித்து அபிராவுக்குக் கலியாணம் சரிவந்தபோது, தானே தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: "மாமா, கட்டாயம் வரோணும். கமராவை மட்டும் கொண்டு வராதேங்கோ. துவக்கெண்டாலும் பரவாயில்லை, உங்களுக்கு எப்பிடியும் தலையில படாது."