சினிமாக் கொட்டகை வகுப்பில் ஓர் உப்புமாப்புரை

பசியை எதிர்த்துப் போரிட்ட அரசுகள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் உப்புமாவிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றிய பெருமை, கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கும் வேலாங்காட்டு ஆரம்பப் பள்ளிக்கு மட்டுமே உரியது. அந்தப் பொன்னான ஆண்டு 1974.

பள்ளியின் உப்புமாப்புரை என்பது நான்கு பனங்கால்களும் மேலே ஓலையும்தான். சுவர் கிடையாது. நடுவில் மூன்று கல் அடுப்பு, அதன் மேல் ஓர் அண்டா. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த மஞ்சள் சோள ரவையை, சமையற்காரி மருதாத்தாள் தினமும் கடுகும் மிளகாயும் போட்டு மிரட்டி உப்புமாவாக்குவாள். அந்த வாசம் மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிடும். காட்டுவேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு. பல நாட்கள் கடைசிச் சாப்பாடும் அதுதான். பூவரச இலையை நீட்டிக்கொண்டு அவர்கள் உட்காரும்போது மருதாத்தாளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இவ்வளவும் சட்டத்துக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மேலாபீஸிலிருந்து ஓர் ஓவர்சியர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். எந்தக் கட்டடத்தில் எத்தனை பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து, அதை ஏதாவது ஒரு 'வகுப்பில்' சேர்ப்பது அந்தப் புத்தகத்தின் புனித நோக்கம். வகுப்பில்லாத கட்டடம் ஜாதகமில்லாத மாப்பிள்ளை மாதிரி. எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் காரியம் நடக்காது.

"இந்தக் கெட்டிடத்துல எத்தனை பேர் சாப்பிடும்?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் ஓவர்சியர்.

மருதாத்தாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கெட்டிடமுங்களா? எங்கீங்க சார்?"

"நம்ம புரையைத்தான் சொல்றாரு, மருதாத்தா" என்றார் தலைமையாசிரியர் அர்த்தநாரி.

"ஓ! வர்றவீங்க எல்லாருஞ் சாப்பிடுவாங்க."

"அது எத்தனை?"

"அய்யோ சாமி! சாப்பிடற தலைய எண்ணலாமுங்களா? எண்ணிப் போட்டா அன்னம் நிக்காதுங்க!"

பதிவேட்டில் எண்பத்து நான்கு பிள்ளைகள் என்பது அர்த்தநாரிக்குத் தெரியும். ஆனால் அவரும் அந்த மண்ணில் பிறந்தவர். இலை போட்ட இடத்தில் தலை எண்ண அவருக்கும் நாக்கு எழவில்லை.

'எண்ணிக்கை: வரம்பில்லை' என்று எழுதிக்கொண்ட ஓவர்சியர் பிள்ளைகளைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போனார். "குட்டிகள் எந்தத் திக்கு பார்த்து உக்காரும்?"

"அண்டாவைப் பார்த்துத்தானுங்க!"

தீர்ந்தது. வரம்பில்லாத கூட்டம், ஒரே பக்கம் பார்த்து உட்காரும் இடம். புத்தகத்தின்படி அது சினிமாக் கொட்டகை வகுப்பு! பாலக்காட்டு டாக்கீஸுகள் லட்சக்கணக்கில் செலவழித்துப் பெற்ற அந்தஸ்தை வேலாங்காட்டு ஓலைப்புரை ஒரு காசு செலவில்லாமல் பெற்றது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: தீப்பிடித்தால் வெளியேற, வெளிப்பக்கம் திறக்கும் ஆறடிக் கதவுகள் இரண்டு வேண்டும். அதுவரை அடுப்பு எரியக் கூடாது.

"ஏனுங்க சார், நாலு பக்கமுந் தொறந்துதானுங்களே கெடக்குது? தீப்பிடிச்சா எப்படி வேணும்னாலும் ஓடலாமுங்களே!" என்றாள் மருதாத்தாள்.

"ஓடலாம். ஆனா, கதவு வழியா ஓடணும்."

"கதவு வெக்கச் சொவரே இல்லீங்களே சார்" என்று இழுத்தார் அர்த்தநாரி.

"அப்ப சொவரு கட்டு மாஷே."

மறுநாள் மருதாத்தாள் அண்டாவைப் புளியமரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனாள். அதற்கும் மேலாபீஸிலிருந்து ஓர் ஓலை வந்தது. மரத்துக்கு வகுப்பு கிடையாது. வகுப்பில்லாத இடத்தில் சர்க்கார் ரவை வேகக் கூடாது. இத்தனை நுட்பமாகச் சிந்திக்கும் மூளைகள் மேலாபீஸில் இருப்பது நாம் செய்த புண்ணியம்.

ஊர் கூடிச் சுவர் எழுப்பிக் கதவு மாட்ட மூன்று மாதம் ஆயிற்று. முதல் வாரம் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மருதாத்தாளால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. இரண்டாம் மாதத்தில் பாதிப் பேர் கடலைக்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பள்ளிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாய்ப்பாடு சொன்னார்கள். இப்போது வாய்ப்பாடு பாதியில் நிற்பதில்லை. கல்வித்தரம் உயர்ந்தது.

ஓவர்சியர் மறுபடி வந்தார். கதவுகளைத் திறந்து மூடி, "பேஷ்!" என்றார். அந்தச் சொல்லை நம்பி மருதாத்தாள் ஓடிப்போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு எழுந்த முதல் புகை. சுவர் இருந்ததால் அதற்கு வெளியே போக வழி தெரியவில்லை. எல்லாரும் இருமினார்கள். ஓவர்சியர் இருமிக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினார்.

"அணைக்கணும்! சினிமாக் கொட்டகைக்குள்ள அடுப்பு பாடில்லை, கூடாது!"

"அடுப்பில்லாம உப்புமா எப்படீங்க கிண்டறது?"

"கிண்டறது வேற வகுப்பு. ஒரு கெட்டிடத்துக்கு ஒரு வகுப்புத்தான். இங்க உக்காந்து சாப்பிடலாம். சமைக்கப் பாடில்லை."

மருதாத்தாள் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். பிறகு அவர் எதிரே வந்து நின்றாள். "தீப்பிடிச்சாப் பிள்ளைங்க வெளிய ஓட ரெண்டு கதவு வெக்கச் சொன்னீங்க. பசிச்சா உள்ள வர்றதுக்கு என்னங்க சார் வெச்சீங்க?"

ஓவர்சியர் பொறுமையாகப் பொருளடக்கம் முழுவதும் தேடினார். அப்படி ஒரு தலைப்பு அதில் இல்லை. ஆகவே கட்டடம் எல்லா விதிகளையும் நிறைவேற்றியதாகச் சான்றிதழ் எழுதி, சுவரில் மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு வேலாங்காட்டுப் பள்ளியில் ஒரு குழந்தைக்குக்கூடத் தீப்புண் பட்டதில்லை. மேலாபீஸ் தன் ஆண்டறிக்கையில் இதைச் சாதனையாகச் சேர்த்தது. பசியில் மயங்கி விழுந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் விழுந்தது கட்டடத்துக்கு வெளியே.