நான் தெலுங்கில் முழங்கிய நாள்

எனக்குத் தெலுங்கு தெரியும் என்று நானாகச் சொல்லிக்கொண்டதுதான் என் வாழ்நாளின் பெரிய பொய்.

திருத்தணி மலைக்கோயில் மடைப்பள்ளியில் புளியோதரை கிளறும் குடும்பம் எங்களுடையது. சாப்பிட உட்காரும் தெலுங்கு யாத்ரீகர்கள் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி "வத்து, வத்து" என்பார்கள். வேண்டாம் என்று அர்த்தம். (என் சமையலுக்குக் கிடைத்த விமர்சனமும் அதுதான்.) அவர்கள் பேச்சில் 'குலம்' என்றால் சாதி. இந்த இரண்டே சொற்களோடு அரசியலில் குதித்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். கே.ஜி.கண்டிகை பஞ்சாயத்துத் தேர்தலில் என் சிநேகிதர் முனிரத்தினம் நின்றார். சேரிக்காரர், மண்வெட்டிக் கூலி. "தூர்ந்த கொளத்த வெட்டுவோம், கூலி கெடைக்கும்னு மட்டும் சொல்லு. எல்லாரும் அதுல தண்ணி மொள்ளலாம்னா ஒரு ஓட்டும் வுழாது" என்று பலரும் எச்சரித்தார்கள்.

"ரெண்டையும் சொல்லித்தாங்க கேப்பேன்" என்றார் அவர்.

கூட்டத்தில் பாதி தெலுங்குக்காரர்கள். நான் மாட்டுவண்டிமேல் ஏறி முழங்கினேன்: "குலம் வத்து!"

தெலுங்குப் பக்கம் தலையாட்டியது. தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு மண்ணாங்கட்டி வந்தது. உற்சாகமாக்கும் என்று இன்னும் இரண்டு தடவை கத்தினேன்.

"யோவ் சாமி!" என்று எழுந்தார் விவசாயி குப்புசாமி. "மழ இல்லாம செத்துகினு கீறோம். எங்க கொளம் வத்தணும்னு சாபமா வுடற?"

அப்போதுதான் உறைத்தது. முனிரத்தினத்தின் தேர்தலை மூன்றே கத்தலில் முடித்துவிட்டேன்.

அவர் என்னை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, தானே பேசினார். "கோவிக்காத நைனா. அவரு தெலுங்குல சாதி வேணாம்னாரு. தூர் வாரும்போது எல்லாத் தெருவும் வரிசையில நின்னு, கைக்கு கை கூடைய மாத்திக்கறோமே, அப்ப யாருனா தீட்டுன்னு குளிக்க ஓடறமா? தண்ணி வந்தப்புறம் மட்டும் அதே கை ஆவாதா?"

குப்புசாமி வெகுநேரம் தலையைச் சொறிந்தார். "ஆங்... ஓடறதில்லதான்."

முனிரத்தினத்தின் நிதானத்தில் கால்வாசி எனக்கிருந்தால் இன்று மந்திரியாகியிருப்பேன்.

கை தூக்கி ஓட்டுப் போட்ட காலம் அது. பாதிக் கை தூக்கிய குப்புசாமி, என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "இந்த சாமி இனிமே வாயத் தொறக்க மாட்டாருன்னா தூக்கறேன்."

வாயைப் பொத்திக் காட்டினேன். முனிரத்தினம் ஜெயித்தார். குளம் வெட்டியபோது அவருக்கும் குப்புசாமிக்கும் நடுவில் நின்று, சத்தமே போடாமல் கூடை மாற்றினேன்.

இன்றும் வீட்டில் தண்ணீர்ப் பானை காலியானால், என் மனைவி என் பக்கம் திரும்பித்தான் கேட்கிறாள்:

"தெலுங்கு ஏதாவது பேசினீங்களா?"