சாம்பிராணி வாசம் வந்த கார்

பழைய கார் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், முதலில் கூட வருகிறவனைப் பார்க்கச் சொல்வேன். அவன் போனில் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதை யாருக்கும் காட்டாமல் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டிருந்தால், அவனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. இதை என் அக்காவிடம் சொல்ல அப்போது ஆளில்லை. கூடப் போனவன் நான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. மெக்கட்ரானிக்ஸ் டிப்ளோமா கையில். (கையில் என்றால் நிஜமாகவே கையில்தான், ஃபைலில் போட்டு. வேலை இன்னும் கிடைக்கவில்லை.) அந்தப் படிப்பில் நான் ஒரு தடவைகூட கார் பானெட்டைத் திறந்ததில்லை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஒரு ரோபோ கையை இடமிருந்து வலமாகத் திருப்பியிருக்கிறேன். அதுவும் பாதியில் நின்றுவிட்டது.

அக்கா வாணி அப்படியில்லை. ஆறு வருடமாகக் கூலிம் ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலை. சுங்கை லாலாங்கில் எங்கள் வீட்டு முனையில் கம்பெனி பஸ் ஏறுவாள், பகல் ஷிப்ட் என்றாலும் இரவு ஷிப்ட் என்றாலும். என் ஃபைலில் இருந்த டிப்ளோமாகூட ஒரு வகையில் அவள் ஓவர்டைம்தான்.

எங்கள் வீட்டில் அதுவரை இரண்டு மோட்டார் சைக்கிள் மட்டும். யார் கல்யாணம் என்றாலும், பக்கத்து வீட்டுக் காரில் இடம் இருக்கிறதா என்று அம்மா போய்க் கேட்டுவிட்டு வருவார். இடம் இருக்கும். இரண்டு பேருக்கு. சின்ன வயதில் அக்கா யார் மடியிலாவது உட்கார்ந்து வருவாள். மடியில் உட்கார முடியாத வயது வந்ததும், "எனக்குத் தலை வலிக்குது, நீங்க போங்க" என்று வீட்டில் இருந்துகொள்வாள். அந்தத் தலைவலி கல்யாண நாட்களில் மட்டும்தான் வரும் என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஆகவே தன் கல்யாணம் நிச்சயமானதும் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"கோயில் வாசல்ல நம்ம சொந்த காடிலேருந்து எறங்கணும். வாடகைக் காடி வேணாம். யாரோட காடியும் வேணாம்."

(எங்கள் வீட்டில் காருக்குப் பெயர் காடி. கார் என்று சொன்னால் பந்தா பண்ணுகிறான் என்பார்கள். நான் கார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

பணம் அக்காவுடையது. அறிவு என்னுடையது. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

சுங்கை பட்டாணியில் ஒருவர் செடான் ஒன்றை விற்பதாக விளம்பரம் பார்த்து, ஒரு சனிக்கிழமை காலை நான், அக்கா, அம்மா மூவரும் போனோம். பத்து வயசுக் கார், வெள்ளி நிறம், போர்ச்சில் நின்றது. நிற்பது கார் மாதிரியே இல்லை, உற்சவ மூர்த்தி மாதிரி இருந்தது. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். பானெட்டில் சந்தனம், குங்குமம். டாஷ்போர்டில் முருகன் படம். உள்ளே இருந்து சாம்பிராணி வாசம் தெரு வரைக்கும் வந்தது. விற்பவர் நெற்றி நிறைய விபூதியோடு கதவைத் திறந்துவிட்டார்.

"கல்யாணத்துக்குன்னு சொன்னீங்க. அதான் பூசை போட்டு வச்சிட்டேன். செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க தம்பி, சாமி இருக்கு."

அம்மா அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கார் சோதனை பாதி முடிந்தது.

மீதிப் பாதியை நான் தொடங்கினேன். டயரை எட்டி உதைத்தேன். (செருப்பில்லாமல். விரல் வீக்கம் மூன்று நாள் இருந்தது.) வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிக்கொண்டு போயிருந்த காந்தத்தைக் கதவுகளில் ஒட்டி ஒட்டிப் பார்த்தேன், அடிபட்ட இடத்தைப் பட்டி மாவு பூசி மறைத்திருக்கிறார்களா என்று. எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியாது. ஆனால் கண்ணை மூடியதும் விற்பவர் மரியாதையாக இரண்டடி பின்னால் நகர்ந்தார். அது போதுமாக இருந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மூக்கைச் சுருக்கினாள்.

"தம்பி, சாம்பிராணிக்கு அடியில வேற ஒரு வாடை வருதுடா."

"என்ன வாடை?"

"ஈரத் துணிய மடிச்சு அலமாரில வச்ச மாதிரி."

"அது ஏர்கோன் வாடைக்கா. ஃபில்டர் மாத்துனா போயிரும்."

பழைய கார் வாங்குவது பற்றி நான் பார்த்த எந்த வீடியோவிலும் இதை யாரும் சொல்லவில்லை. என் வாயில் அதுவாக வந்தது.

அக்கா முன்யோசனைக்காரி. பாக்கார் ஆராங்கில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாலா அண்ணனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். அவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் விற்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தாராளமா வரட்டும். ஆனா ஒம்போதுக்கு ராகு காலம் பொறந்துருமே. முன்பணத்த அதுக்குள்ள குடுத்துட்டா நல்லது. இல்லாட்டி இன்னொரு நாள் பாப்போம். வேற பார்ட்டியும் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

இங்கேதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இருக்கிறது. எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. பஞ்சாங்கக் காலண்டரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவைக் கிண்டல் பண்ணுகிறவன். ஆனால் பாலா அண்ணன் வந்தால் அவர் காருக்கு அடியில் படுப்பார், நான் டார்ச் பிடிப்பேன். அவ்வளவுதான் என் பங்கு. அது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் அந்த ஒரு நாள் மட்டும் நான் பரம பக்தனானேன்.

"கல்யாணக் காடிய ராகு காலத்துலயாமா வாங்குறது?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா முகம் வெளுத்துவிட்டது. அக்கா என்னையே பார்த்தாள்.

"நீ நல்லா பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேன்க்கா."

"எல்லாம்?"

"எல்லாம்லா."

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெற்றிலையில் வைத்துப் பணம் கைமாறியது. பாலா அண்ணனுக்கு, 'வேணாம் அண்ணே, முடிஞ்சிருச்சு' என்று செய்தி அனுப்பினேன். கூடவே ஒரு கட்டைவிரல் படமும்.

கல்யாணம் வரைக்கும் மூன்று வாரம் காரை எங்கும் எடுக்கவில்லை. அழுக்காகிவிடக் கூடாதே. தினமும் கழுவித் துடைத்துக் கவர் போட்டு வைத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் சொந்தக்காரர்கள் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டேன். "போட்டோகிராபர் நம்ம காடி வர்றத எடுக்கணும், யாரும் வழிய அடைக்காதீங்க" என்று உத்தரவு வேறு. அப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் போய்விட்டார். கடைசியாக, மல்லிகைச் சரமும் ரிப்பனும் கட்டிய காரில் நான், அம்மா, பட்டுப் புடவையில் அக்கா.

கிளம்பி ஐந்து நிமிஷத்தில் ஹார்ன் அடித்தது. நான் தொடவில்லை. முன்னால் மோட்டார் சைக்கிளில் போன மலாய்க்காரப் பெரியவர் ஒதுங்கி நின்று முறைத்தார். நான் கையெடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஹார்ன் மறுபடி அடித்தது, இந்த முறை நீளமாக. பிறகு வைப்பர் தானாக ஆடியது. டாஷ்போர்டில் இருந்த விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது.

"தம்பி, காலு நனையுதுடா," என்றாள் அக்கா.

காரின் தரை விரிப்பிலிருந்து செம்மண் கலர் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. புடவையின் கரை அதைக் குடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரமாக இருந்த இடத்தில் கார் நின்றது. ஹார்ன் மட்டும் நிற்கவில்லை.

இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தேன். ரொம்ப நேரம் உள்ளே பார்த்தேன்.

"என்னடா தெரியுது?" என்றார் அம்மா.

"எஞ்சின் இருக்குமா."

அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மாமா, சித்தப்பா, போட்டோகிராபர், யாரும் எடுக்கவில்லை. நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. அக்கா புடவைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

அப்போது பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கூலிம் கம்பெனி பஸ். இரவு ஷிப்ட் முடித்தவர்களில் பெடோங் ஆட்களை இறக்கிவிட்டு, சுங்கை பட்டாணி ஆட்களோடு திரும்பிக்கொண்டிருந்தது. ஆறு வருடமாக அக்காவை ஏற்றி இறக்கிய டிரைவர் சேகர் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"என்ன வாணி, இன்னைக்குமா ஷிப்டு?"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

"பாக்கார் ஆராங் கோயிலுக்குப் போணும்ணே."

"ஏறு. அந்த வழியாத்தான் போறேன்."

உள்ளே பாதித் தூக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள். அக்காவோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஒருவர் ஈர டிஷ்யூ எடுத்துக் கீழே குந்தி, கோயில் வரும் வரை அந்தக் கரையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அக்கா மூன்றாவது வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை. அதுதான் அவள் தினமும் உட்காரும் இடம்.

கோயில் வாசலில் எங்கள் காருக்காக அப்பா இரண்டு சிவப்பு நாற்காலி போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார். பஸ் அங்கே நிற்க முடியாது. கொஞ்சம் தள்ளித்தான் நின்றது. அக்கா படியில் ஒரு நிமிஷம் நின்று அந்த நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு இறங்கினாள். போட்டோகிராபர் பஸ்ஸையும் சேர்த்து எடுத்துத் தன் கடமையைச் செய்தார். மணவறையில் மாப்பிள்ளை குனிந்து, "ஓவர்டைம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாராம். கல்யாண ஆல்பத்தில் அக்கா நன்றாகச் சிரிக்கும் படம் அந்த நிமிஷத்தில் எடுத்ததுதான்.

மறுநாள் பாலா அண்ணன் வொர்க்‌ஷாப்புக்குக் காரை இழுத்துக்கொண்டு போனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன் சீட்டு பெல்ட்டை மெதுவாக, கடைசி வரைக்கும் இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பாதியில் பழுப்பாக ஒரு கோடு, அதற்கப்புறம் முழுக்க மண் கறை.

"தண்ணி இது வரைக்கும் ஏறியிருக்கு. பஞ்சிர் காடிலா தம்பி, வெள்ளத்துல முழுகி எழுந்தது. கார்பெட்ட தூக்கிப் பாத்தியா? ஸ்பேர் டயருக்கு அடியில?"

"செருப்பக் கழட்டிட்டு ஏறச் சொன்னாருண்ணே."

பாலா அண்ணன் பெல்ட்டை விட்டார். அது திரும்பிச் சுருளவும் இல்லை. மொத்தம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

விற்றவருக்குப் போன் செய்து கத்தினேன். "சாமி சத்தியமா நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல தம்பி," என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். அந்தக் கார் கடைசியில் இரும்புக் கடைக்குப் போனது.

அக்கா இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பிறகு எனக்கு வேலை கிடைத்து, நானும் ஒரு பழைய செடான் வாங்கினேன். பாலா அண்ணன் பார்த்தார், நான் டார்ச் பிடித்தேன். அந்தக் காரில் அக்காவை எத்தனையோ தடவை அதே கோயில் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறேன். வாசலுக்கு நேராகவே நிறுத்துவேன். அவளும் "தேங்ஸ்டா" என்று இறங்கிப் போவாள். கல்யாணப் பெண்ணாக இறக்கிவிட மட்டும் எனக்கு இனி வழியில்லை.

போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பூவால் மூடிய பெரிய கார் ஒன்று வந்து நின்று, பெண் இறங்கினாள். ஆல்பத்தைப் பார்த்தே வளர்ந்த அக்கா மகளுக்கு நாலு வயது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அம்மா, இவங்களுக்கு பஸ் கெடைக்கலயா?"

எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பஸ்ஸெல்லாம் எல்லாருக்கும் கெடைக்காதும்மா. அதுக்கு ஒங்க மாமா மாதிரி ஒருத்தர் வீட்ல இருக்கணும்."