பானைக்குள் போன அமானிதம்

பிரிஜ்ஜின் அடியிலிருந்து புறப்பட்ட தண்ணீர் தையல் மெஷினின் மிதிபலகை வரை வந்து காலை நனைத்தபோதுதான் நெய்னார் தலையை நிமிர்த்தினார். மதுரங்குளியில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டிருந்த மனுஷன், கோட்டின் ஒற்றைக் கையை அப்படியே தொங்கவிட்டு எழுந்து ஓடினார்.

பிரிஜ்ஜைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். வெளியே என்ன சூடோ உள்ளேயும் அதே சூடு.

"சுல்பா! பிரிஜ் மௌத்தாப் பெய்த்து!"

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி எட்டிப் பார்த்தாள். "அதுக்கு ஏன் இப்பிடிக் கத்துறீங்க? உள்ளுக்க என்ன, ரெண்டு தக்காளியும் நேத்தயக் கறியும்தானே?"

"லத்தீப்ட மருந்து?"

சுல்பாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. "யா அல்லாஹ்!"

லத்தீப் பக்கத்து வீட்டுக்காரர். உப்பளத்தில் மேற்பார்வை வேலை. தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இறங்கி, முகாமில் ஒரே ஓலைக் கொட்டிலை இரண்டு குடும்பமும் பங்குபோட்ட நாள்முதல் நெய்னாருக்குக் கூடப் பிறக்காத தம்பி. ஆறு மாதத்துக்கு முன்னர் ஒரு நாள், கறுப்புப் பையில் சுற்றிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றோடு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மச்சான், எனக்குச் சீனி வருத்தம் முத்திட்டு. இது ஊசி மருந்து. கட்டார்ல இருந்து மச்சினன் அனுப்புறான், இஞ்ச எந்தக் கடையிலயும் எடுக்கேலா. குளிர்ல இருக்கோணும். என்ட வீட்டுல வெச்சா மர்ளியா கண்டுருவா, கண்டா தாங்கமாட்டா. உண்ட பிரிஜ்ல வெச்சிரு. ஒண்டு மட்டும் கேளு, பெட்டியத் தொறந்திராத. வெளிச்சம் பட்டா மருந்து கெட்டுரும். இது உங்கிட்ட அமானிதம்."

நெய்னார் அழுதே விட்டார். அமானிதம் என்று ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைத் திறந்து பார்ப்பதா? அந்தப் பெட்டியின் பக்கம் சுல்பாவின் நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து லத்தீப் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் வருவார். பிரிஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்று, தானே ஊசி போட்டுக்கொள்வார். நாள் முழுக்க ஊசியோடு சீவியம் நடத்தும் நெய்னாருக்கு உடம்பில் ஏறுகிற ஊசி மட்டும் ஆகாது. கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். திறக்கும்போது லத்தீபின் முகம் அப்படித் தெளிந்திருக்கும். மனைவி மர்ளியா பாகற்காய் ஆக்கிய நாள்களில் மூன்றாம் தடவையும் வருவார். இன்றைக்கு வருத்தம் கடுமையாக்கும் என்று நெய்னார் அல்லாஹ்விடம் துஆக் கேட்பார். ஆனாலும் மருந்து நன்றாகத்தான் பிடித்திருந்தது. ஆறு மாதத்தில் லத்தீபின் சட்டைகளை இரண்டு தரம் பிரித்து அகட்டித் தைக்க வேண்டி வந்தது.

இப்போது மணி பத்து. லத்தீப் உப்பளத்தால் திரும்புவது ஐந்துக்கு. அதற்குள் பிரிஜ்ஜுக்கு உயிர் வரவேண்டும், இல்லாவிட்டால் லத்தீபின் உயிருக்கு ஆபத்து.

நெய்னார் முதலில் குளிர் கூட்டுகிற திருகியைப் பிடித்து ஏழாம் நம்பருக்குத் திருகினார். பிரிஜ் ஒரு முக்கல் முக்கி உறுமத் தொடங்கியது. "அப்பாடா" என்று கதிரையில் சாய்ந்தார். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் வாசல்படி தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சூடு மட்டும் போகவில்லை.

சுல்பா கதவின் ரப்பரைக் குனிந்து பார்த்தாள். மண்ணிறமாக ஏதோ அப்பியிருந்தது. அதைச் சுற்றி எறும்பு.

"இது என்னங்க?"

"துரு."

"ரப்பர்ல துருவா?"

"கடல் காத்துல எதுதான் துருப் புடிக்காது?"

"அப்ப எறும்பு?"

"சீனி வருத்தத்துக்கான மருந்தில்லியா? எறும்பு வரத்தானே செய்யும்!"

சுல்பாவுக்கு அந்தக் கதையில் ஏதோ இடித்தது. ஆனால் குக்கரில் கடலை கிடந்தது, போய்விட்டாள்.

நெய்னார் மேலே இருந்த ஐஸ் அறையைத் திறந்தார். ஐஸ் கட்டி கட்டியாக இறுகி, தட்டையே மறைத்திருந்தது. ஆஹா, பிழை இதுதான்! கைக்கு எட்டியது துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல். ஓங்கி ஒரு குத்து. இரண்டு குத்து. மூன்றாவது குத்தில்,

"உஸ்ஸ்ஸ்ஸ்!"

"கேஸ்! கேஸ் பெய்த்து! ஓடு சுல்பா!"

இருவரும் வேலிவரை ஓடி நின்றார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. நெய்னார் சிலாபத்தில் பிரிஜ் திருத்துகிற றொபின்சன் பாஸுக்குப் போன் எடுத்தார்.

"நாலு மணிக்குத்தான் வரலாம் அண்ண. அதுவரைக்கும் தயவு செஞ்சு ஒண்டையும் தொடாதீங்க."

சுல்பா பக்கத்து வீட்டைப் பார்த்தாள். "பத்தடி தூரத்தில மர்ளியாட பிரிஜ் நல்லாத்தான் ஓடுது."

"ஒலகத்தில உள்ள பிரிஜ்ஜெல்லாத்துலயும் நாம போகேலாத ஒரே பிரிஜ் அதுதான்!"

நெய்னார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல்துறை மீன் வாடிக்குப் பறந்தார். குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் கொண்டுவந்து, கறுப்புப் பையை அதற்குள் புதைத்து மூடினார். "அல்ஹம்துலில்லாஹ்! இனி நாளை வரைக்கும் தாங்கும்."

அந்த நேரம் பார்த்து, நெய்னாரை அண்ணன் முறையில் காக்கா என்று அழைக்கும் மர்ளியா வந்து நின்றாள். "காக்கா, மீனா?"

"ஓம் தங்கச்சி... மீன்."

"என்ன மீன்?"

"கும்புளா" என்றார் நெய்னார். வாயில் முதலில் வந்தது அதுதான்.

"நல்லதாப் பெய்த்து. அந்திக்கு வந்து ரெண்டு எடுக்கிறன். சீனி கூடப் போகுது எண்டு டொக்டர் சொன்ன நாள்ல இருந்து இவருக்கு நான் இனிப்பே கண்ணுல காட்டுறல்ல காக்கா. தேத்தண்ணியும் வெறும் சாயம். மீனும் பாகற்காயும்தான்."

அப்பாவிப் பெண்! புருஷன் ஊசியில் உயிர் வாழ்வது தெரியாமல் பேசுகிறாளே என்று நெய்னார் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவள் போனதும் சுல்பா கன்னத்தில் கை வைத்தாள். "இஞ்சாருங்க, புள்ளைகள்ட தடுப்பூசி மருந்து ஐஸ்ல முட்டி ஒறைஞ்சா வீசத்தான் வேணுமாம். மிட்வைஃப் சொன்னவ."

"அத ஏன்டி இப்ப சொல்ற?"

பெட்டியைத் தோண்டி எடுத்துக் குலுக்கினார். கடகடவென்று சத்தம் வந்தது. உறைந்தே விட்டது! நெய்னார் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூடத்துக்குள் மேலும் கீழும் நடந்தார். அரைமணி நேரம் கழித்துக் குலுக்கினால் சத்தமில்லை. அப்பாடா! ஆனால் தொட்டுப் பார்த்தால் பெட்டி அவருடைய அக்குளைவிடச் சூடாக இருந்தது. கடைசியில் ஈரத் துணியில் சுற்றி, சமையலறையில் இருந்த வெறும் மண்பானைக்குள் இறக்கி, மூடியும் போட்டார். அதற்கு மேல் செய்ய அவருக்கும் எதுவும் தோன்றவில்லை. தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுதார்.

நாலு மணிக்கு றொபின்சன் பாஸ் வந்தார். கைதேர்ந்த வேலைக்காரர்தான், ஆனால் வயிறு நிறையாவிட்டால் ஸ்குரூட்ரைவர் பிடிக்காத மனுஷன்.

"அக்கா, முதல்ல ஒரு பிளேன்டீ. கடிக்க ஏதும் இருந்தாலும் வேணாமெண்டு சொல்லமாட்டன்."

சுல்பா தண்ணீரை அடுப்பில் வைத்தாள். பாஸ் டோர்ச் அடித்துப் பிரிஜ்ஜின் முன்னும் பின்னும் பார்த்தார்.

"கேஸ் போகல்ல அண்ண. பைப்பில ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப அந்த உஸ்?"

சுல்பா வாயைப் பொத்தினாள். "என்ட குக்கர்! கடலை!"

நெய்னாருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பாஸைக் கட்டிப் பிடிக்காத குறை.

"பிழை பெரிசா ஒண்டுமில்ல. கதவு ஒட்டாம நிண்டிருக்கு, காத்துப் போய் ஐஸ் அடைச்சிருக்கு. ஐஸ் கரைஞ்சாச் சரி. ரப்பர்ல துருப் போல அப்பியிருக்கிறத சுரண்டித் துடைக்கிறன், கொஞ்சம் சுடுதண்ணி எடுக்கவா?"

"அடுப்பில இரிக்கி, போய் எடுங்க."

பாஸ் சமையலறைக்குள் போக, அன்றைக்கென்று வேளையோடு திரும்பிவிட்ட லத்தீபின் குரல் வாசலில் கேட்டது. சுல்பா தேத்தண்ணியை மறந்தாள். நெய்னார் ஓடிப்போய் லத்தீபின் இரண்டு கையையும் பிடித்தார்.

"மச்சான், என்ன மன்னிச்சிரு! பிரிஜ் பழுதாப் பெய்த்து. உண்ட மருந்து ஒறைஞ்சு, உருகி... நான் அமானிதத்தக் காப்பாத்தல்ல!"

லத்தீபின் முகம் வெளுத்தது. "பெட்டியத் தொறந்தியா?"

"சத்தியமா இல்ல!"

"அப்பாடா!" என்றார் லத்தீப்.

உயிர் போகிற நேரத்திலும் அமானிதத்தைத்தான் நினைக்கிறான்! நெய்னார் விம்மி விம்மி அழுதார்.

"அழாத மச்சான். ஒரு நேரம் ஊசி போடாட்டி என்ன?"

"என்ன ஊசி?"

வேலியோரம் மர்ளியா நின்றாள், கையில் மீனுக்குத் தட்டு. இனி மறைத்து என்ன பயன்? நெய்னார் உடைந்துபோனார்.

"தங்கச்சி, லத்தீப் ஆறு மாசமா ஊசியிலதான் உசிரோட இரிக்கான். நீங்க தாங்கமாட்டீங்க எண்டுதான் மறைச்சவன்."

தட்டு விழுந்தது. மர்ளியாவும் அதன் பக்கத்தில் அமர்ந்துவிட்டாள். "நேத்து ஒரு கரண்டி சீனி கேட்டீங்களே, பாவி நான் ஏசினேனே! என்ட ராசா, இனி ஒங்களுக்கு ஊசி நான்தான் போடுவன். காலைக்கும் அந்திக்கும் என்ட கையாலதான்!"

"வேணாம் மர்ளியா! எனக்கு ஒண்டுமில்ல!" லத்தீபுக்கு வியர்த்துக் கொட்டியது.

"வருத்தம் தலைக்கு ஏறிட்டு தங்கச்சி, இவன் தன்ன மறந்து கதைக்கான்" என்றார் நெய்னார். "சிலாபம் ஆஸ்பத்திரிக்கு உடனே போகோணும். சுல்பா, திரீவீலுக்குச் சொல்லு!"

ஒரு கையை நெய்னார் இழுக்க, மறு கையை மர்ளியா இழுக்க, லத்தீப் கேற் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க, நான் நல்லாத்தான் இரிக்கன், அல்லாவுக்காக விடுங்க!" என்று கத்தினார்.

அப்போது உள்ளேயிருந்து றொபின்சன் பாஸ் விரலைச் சூப்பிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"கோவிக்க வேணாம் அக்கா, தேத்தண்ணி சுணங்கினதால பானைக்குள்ள கறுப்புப் பையில இருந்த சொக்கலட்டில ரெண்டு துண்டு எடுத்தன், கொஞ்சம் உருகித்தான் இருக்கு, ஆனா உள்ள கிடக்கிற கஜுப் பருப்பு நல்ல பருப்பு, அதோட ரப்பர்ல அப்பியிருந்ததும் துரு இல்ல, இதேதான்!"