வணங்கும் மினாரா

நிமிர்நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் ராஜாவைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற நாட்களில் ராஜா மக்களைத் திருத்துவார். அந்நாட்டுத் தலைநகரின் பழைய பள்ளிவாசலில் உயரமான மினாரா ஒன்று இருந்தது. கடலில் வழி தவறிய கப்பல்கள் அதைப் பார்த்துத்தான் கரை சேர்ந்தன. அது சில காலமாக அரண்மனைப் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.

உச்சியில் ஏறித் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் காசிமின் மனைவி சுலைகா. கணவர் மேலே ஏறினால், திரும்பி இறங்கும்வரை அவளுக்கு அடுப்பில் கை ஓடாது. ஒரு நாள் மினாராவின் கல் ஒன்று கூரையைப் பிய்த்துக்கொண்டு அவளுடைய மீன் குழம்புச் சட்டியிலேயே விழுந்தது. கல்லைக் கழுவித் துணியில் முடிந்துகொண்டு அரண்மனைக்குப் போனாள்.

"ராஜாவே, மினாரா சாயுது. எங்க வூட்டுக்காரரு அஞ்சு வேளையும் அதுலதான் ஏறுறாரு. ஆள் வச்சு சரி பண்ணிக் குடுங்க."

ராஜா மகுடேந்திரர் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மந்திரி பூதலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"பெண்ணே, சாய்வது வேறு, வணங்குவது வேறு. மினாரா எந்தத் திசையைப் பார்த்துக் குனிகிறது? அரண்மனையை! கல்லுக்கு இருக்கிற ராஜபக்தி உனக்கு இல்லையே!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே முரசு அறைந்தார்கள். இனி நாட்டில் 'சாய்வு' என்ற சொல்லே கிடையாது, 'பணிவு'தான். சாய்வு நாற்காலிகளெல்லாம் பணிவு நாற்காலிகள் ஆயின. மினாராவிலிருந்து விழும் கல் அரச ஆசி என்றும், தலையில் வாங்கியவர் நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும் என்றும் அடுத்த ஆணை வந்தது.

சுலைகா கெஞ்சியதால் கொத்தனார் இஞ்ஞாசி வந்து, சாய்வை அளக்கத் தூக்குக்குண்டை இறக்கினார். அரண்மனை அருகே குண்டு வைத்திருந்ததாகக் காவலர்கள் அவரைப் பிடித்தார்கள்.

"ஐயா, இது நூல்ல கட்டித் தொங்கவிடுற குண்டு!"

"திரியும் இருந்தது என்று எழுதிக்கொள்," என்றார் அதிகாரி.

அதற்குமேல் சுலைகா யாரையும் எதிர்பார்க்கவில்லை. தெருப் பெண்களைக் கூட்டி, பனைமரங்களை இழுத்து வந்து மினாராவுக்கு முட்டுக் கொடுத்தாள். அன்று இறங்கி வந்த காசிம், "இன்னைக்கு ஆடல புள்ள," என்றார். அவள் வெகு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் மந்திரி யானையோடு வந்தார். "முட்டுக் கொடுப்பது அவை உறுப்பினர்களின் தனியுரிமை! பரம்பரை பரம்பரையாக ராஜாக்களுக்கு நாங்கள் கொடுத்து வருகிறோம். கண்டவர்களும் கிளம்பினால் எங்கள் பிழைப்பு என்னாவது?"

யானை மரங்களைப் பிடுங்கியது. மினாரா இன்னும் கொஞ்சம் வணங்கியது. அரண்மனையில் விருந்து நடந்தது.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்ற வீரகேது பள்ளிவாசல் தெருவுக்கு வந்து, "மினாரா சாய்கிறது!" என்று முழங்கினார். அந்தச் சொல்லைக் காதால் கேட்டதற்கே ஜனங்கள் அழுதுவிட்டார்கள். வாக்குகள் கொட்டின. முடிசூட்டு விழா முடிந்ததும் சுலைகா அரண்மனைக்கு ஓடினாள்.

புதிய ராஜா அதே சன்னலருகே நின்றிருந்தார். "நானும் சாய்வதாகத்தான் நினைத்தேன், தங்கச்சி. தெருவிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது. இங்கிருந்து பார்த்தால் அல்லவா அது வணங்குவது புரிகிறது!"

பின்னால் நின்ற மந்திரி பூதலிங்கம் ஆமோதித்துத் தலையாட்டினார். அவர் சால்வையின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

சுலைகா திரும்பி வந்து தெருப் பெண்களைக் கூட்டினாள். மரங்களை மறுபடி தூக்கிக்கொண்டிருந்தபோது, பழைய ராஜா மகுடேந்திரர் ஓவியன் ஒருவனோடு கால்நடையாக வந்து சேர்ந்தார்.

"அக்கிரமம்! மினாரா சாய்கிறதம்மா, சாய்கிறது! இந்த அரசுக்குக் கண் இல்லையா?"

"பேசுனது போதும்ண்ணே. இந்த முனையப் புடிங்க."

அவரும் தோளைக் கொடுத்தார். ஓவியன் சுறுசுறுப்பாக வரைந்தான். வரைந்து முடித்து அவன் தூரிகையைக் கழுவியதும் மகுடேந்திரர் தோளை எடுத்துக்கொண்டார். மரத்தின் முழுப் பாரமும் சுலைகாவின் மேல் இறங்கியது.

மேலே காசிம் பாங்கைத் தொடங்கியிருந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அழுத்தி ஊன்றினாள்.